15, 18, 22: பெண் பொறியாளர்களுக்கான சிறு நிதியை எந்த வயதில் செலவிடுவது?

ஓய்வு பெற்றவர்களும் இன்னும் பணியில் இருப்பவர்களுமாகப் பொறியாளர்கள் பதினோரு பேர் சேர்ந்து, ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு நிதியைத் திரட்டியிருக்கிறோம். அரசுப் பள்ளிகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் இன்னும் அதிகமாகப் பொறியியலுக்கு வர வேண்டும், வந்தவர்கள் அந்தத் தொழிலிலேயே நிலைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பணத்தை எங்கே செலவிடுவது என்று பேசத் தொடங்கியதும் நான்கு வழிகள் எழுந்தன. கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தரலாம் என்றார் ஒருவர். பெண் பொறியாளர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்று பேச வைக்கலாம் என்றார் மற்றொருவர். ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே கணிதத்துக்குக் கைகொடுத்து, பிளஸ் ஒன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது உடனிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. படித்து முடித்தவர்கள் முதல் வேலையில் சேரவும் தங்கவும் உதவ வேண்டும் என்பது நான்காவது. சமமாக நான்காகப் பிரித்துவிடலாம் என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்கவில்லை, ஏனெனில் ஒன்றரை லட்சத்தில் பெரிய வேலை எதுவும் உருப்படியாக நடக்காது. ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதே கேள்வியோடு இருக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் சிறு அறக்கட்டளைகளுக்கும் பயன்படக்கூடும் என்று அதைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் 1940ஆம் ஆண்டுக்குப் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில்தான் கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினெட்டு வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர் அவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர், முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக் கல்வி இயக்குநரிடமும் பேசி மகளுக்கு அனுமதி வாங்கினார். பின்னர் பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லைக் கையால் அடித்துப் பெண்பாலாக்கித் தந்தது அந்தக் காலம். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித் தொடர்களின் வடிவமைப்பில் பணியாற்றினார்; திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்த வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் நான் நினைவுகூரவில்லை. லலிதாவுக்குச் சேர்க்கைக் கதவைத் தந்தை திறந்தார்; விடுதி கிடைத்தது; வேலைக்குப் போன ஊர்களில் உடன்பிறந்தார் குடும்பங்கள் தங்க இடம் தந்து குழந்தையையும் பார்த்துக்கொண்டன. எந்த இடத்திலும் வழி அடைபடாததால் அவர் பொறியாளரானார். இன்று இந்தியாவில் பொறியியல் இளநிலை மாணவர்களில் பத்துக்கு ஏறத்தாழ மூன்று பேர் பெண்கள். பேராசிரியர் தந்தை இல்லாத, வெளியூரில் உறவினர் வீடு இல்லாத ஒரு பெண்ணுக்கு வழி எந்த இடத்தில் அடைபடுகிறது என்பதே எங்கள் பணத்துக்கான கேள்வி.

உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். கொடுப்பவருக்கு மனநிறைவு தருவதும், கணக்குக் காட்ட எளிதானதும் இதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இந்த இடம் இன்று வெற்றிடமாக இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடத்தை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஒரு காலத்தில் பெண்ணின் திருமணத்துக்கென்று அரசு வைத்திருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உதவி, அவளுடைய படிப்புக்கென்று மாற்றப்பட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இவற்றுக்கு மேல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை, தேர்வாகும் மாணவிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது.

இந்நிலையில் நாங்களும் ஆளுக்கு 50,000 கொடுத்தால், 6 லட்சத்தில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேரைத்தான் தாங்க முடியும். படிப்பு நான்கு ஆண்டு என்பதால், ஆண்டுக்குப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளக்கூடியவர்கள் மூன்று பேர். அந்த மூவரும் கணிதப் பிரிவில் படித்து, கலந்தாய்வில் இடமும் பெற்று, பொறியியல் என்று முடிவெடுத்த பின்னர் எங்களிடம் வருபவர்கள். எங்கள் பணம் இல்லாவிட்டாலும் அவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில் சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய சுமை குறைவது நல்ல காரியம்தான், ஆனால் பெண் பொறியாளர்களின் எண்ணிக்கை அதனால் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மறுக்கும் ஒரு பகுதி உண்டு. சேர்க்கை ஆணை வந்த வாரத்துக்கும் அரசின் தொகை வந்து சேரும் நாளுக்கும் இடையே குடும்பம் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. பெட்டி, படுக்கை, விடுதி முன்பணம், வரைபடப் பலகை, பயணம் என்று சிறு சிறு தொகைகள் சேர்கின்றன. வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்துக்கு அலைவதில் கூலிவேலை நாள்கள் போகின்றன. அந்த இடைவெளிக்கென்று ஒரு சிறு அவசர நிதி கட்டாயம் வேண்டும்.

கல்லூரிகளில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்குவது என்ற வழி எங்களைப் போன்ற சிறு குழுவின் கையில் இல்லை என்றாலும், அது என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. ஐஐடிகளின் பி.டெக். படிப்புகளில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த நிலையில், பிறருக்கான இடங்களைக் குறைக்காமல் கூடுதல் இடங்களை உருவாக்கி, 2018இல் 14 விழுக்காடு, 2019இல் 17, 2020இல் 20 என்று இலக்கு வைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் பெண் என்ற நிலை வந்தது. நானறிந்தவரை நம் நாட்டில் இவ்வளவு விரைவான மாற்றத்தை வேறெந்த வழியும் தந்ததில்லை. ஆயினும் ஐந்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டிச் செல்வதற்கு, தேர்வு எழுத வரும் பெண்களே கூட வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பள்ளிக்கூடம்.

பெண் பொறியாளர்கள் பள்ளிகளுக்கு நேரில் செல்வது எங்கள் குழுவில் பலருக்கும் பிடித்த யோசனை. செங்கோட்டையில் பள்ளிப் படிப்பை முடித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நிகர் சாஜி ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தார் என்பதும், சந்திரயான்-2 திட்டத்துக்கு மு. வனிதா தலைமை தாங்கினார் என்பதும் நம் வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டிய செய்திகளே. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் அந்தச் செய்தி எவ்வளவு நாள் தங்குகிறது என்பதுதான் ஐயம். இதைப் பற்றி மூன்று நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. மேற்கு வங்கத்தில் கிராம ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வு, அடுத்தடுத்து இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊர்களில் பெற்றோர் மகள்மீது வைக்கும் எதிர்பார்ப்பும் மகள் தன்மீது வைக்கும் எதிர்பார்ப்பும் உயர்ந்தன என்றும், பதின்வயதுப் பெண்களின் கல்வி ஆண்பிள்ளைகளின் கல்வியை எட்டிவிட்டது என்றும் கண்டது. அந்தப் பெண் தலைவர்கள் அதே ஊரில் பல ஆண்டுகள் கண்முன் நடமாடியவர்கள். பாரிஸ் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பெண் அறிவியலாளர்கள் ஒரே ஒரு மணி நேரம் பேசியதன் விளைவை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே அறிவியல் பிரிவில் இருந்த, கணிதத்தில் சிறந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளிடம் நல்ல பலன் தெரிந்தது. பத்தாம் வகுப்பு மாணவிகளின் பாடத் தேர்வில் மாற்றம் தெரியவில்லை. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதால் கிடைத்த தரவு, முதலாண்டுக் கணிதத்தையும் அறிவியலையும் பெண் பேராசிரியரிடம் கற்ற மாணவிகள் அந்தத் துறைகளிலேயே தொடர்வது கூடியது என்று காட்டியது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வந்து பேசிவிட்டுப் போகிறவரைவிட அன்றாடம் உடன் இருப்பவருக்கே வலிமை அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மணி நேரப் பேச்சு வாசலில் நிற்பவளை உள்ளே அழைத்துவரும். தெருமுனையிலேயே திரும்பிவிட்டவளுக்கு அந்தப் பேச்சு கேட்பதில்லை. விண்கலத் திட்ட இயக்குநரைவிட, அருகிலுள்ள துணை மின்நிலையத்தில் பணிபுரியும் உதவிப் பொறியாளர் அக்கா ஒருவர் மாதம் ஒருமுறை வருவதையே நான் விரும்புவேன். பெற்றோரின் கேள்விகள் அவரிடம்தான் கூச்சமின்றி வரும்: வேலை எந்த ஊரில், இரவுப் பணி உண்டா, தனியாக அனுப்பலாமா, சம்பளம் எவ்வளவு, கல்யாணத்துக்குப் பின் விட்டுவிட வேண்டியிருக்குமா. இந்தக் கேள்விகளை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு குடும்பம் தன் பிள்ளையின் நலனுக்காகக் கேட்கும் நியாயமான கேள்விகள் இவை.

இனி பதினைந்து வயது. என் முடிவு இங்கேதான் சாய்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசை, நுழைவுத் தேர்வு இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பின் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200 மதிப்பெண்ணில் கணக்கிடப்படுகிறது. ஆகவே பிளஸ் ஒன்னில் கணிதம் இருக்கும் குரூப்பை எடுக்காத பெண்ணுக்கு, தொழிற்கல்விப் பிரிவுக்கென்று உள்ள சில இடங்களைத் தவிர, பொறியியலின் பெருவழி அன்றைக்கே மூடிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான ஓரிரு வாரங்களில், பெரும்பாலும் யாரும் முறையாகக் கலந்து பேசாமலேயே, இந்த முடிவு எடுக்கப்படுகிறது. ஊரிலிருப்பது உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு அது முடிந்துவிடும். மேல்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். அங்கே கணிதம்–கணினி அறிவியல் குரூப் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பக்கத்துப் பெண்கள் பள்ளியில் வணிகவியல் இருக்கிறது, தோழிகள் எல்லாரும் அதில் சேர்கிறார்கள், கணிதத்தில் மதிப்பெண் 58தான் வந்திருக்கிறது, பி.காம். என்றால் உள்ளூர்க் கல்லூரியிலேயே முடித்துவிடலாம் என்று ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமாகவே ஒலிக்கும். அதே 58 மதிப்பெண் வாங்கிய அண்ணனை மட்டும் முதல் குரூப்பில் சேர்த்துவிட்டு, ட்யூஷனும் வைத்திருப்பார்கள். வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று நான் சொல்ல வரவில்லை; விரும்பி அதை எடுக்கும் பெண்ணை யாரும் தடுக்க வேண்டியதில்லை. விரும்பியதை எடுக்க முடியாமல் அதில் போய் நிற்பவளைப் பற்றியே பேசுகிறேன்.

தூரம் எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. 2006இல் பீகாரில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்த திட்டம், அந்த வகுப்பில் அவர்களின் சேர்க்கையை 32 விழுக்காடு உயர்த்தி, ஆண் பெண் இடைவெளியை 40 விழுக்காடு குறைத்ததாக பொருளியலாளர்களான முரளிதரனும் பிரகாஷும் கண்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றிய கிரிஜா போர்க்கரின் ஆய்வு, பாதுகாப்பான பயணப் பாதைக்காகத் தரத்தில் பல படிகள் கீழேயுள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் பெண்கள் முன்வருகிறார்கள் என்று காட்டியது. நம் மாநிலத்தில் பிளஸ் ஒன் மாணவர்களுக்குச் சைக்கிள் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எனினும் மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. எந்தத் திட்டமானாலும் ஐந்து மணிப் பேருந்தைத் தவறவிடச் செய்தால், இரண்டாவது வாரமே பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

நாங்கள் நினைத்திருக்கும் ஏற்பாடு இது. இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளி நேரத்தை ஒட்டியே வாரத்தில் மூன்று நாள் கணித வகுப்பு. சனிக்கிழமைகளில் மின்விசிறியைப் பிரித்து மாட்டுவது, மல்டிமீட்டரால் அளப்பது, பற்றவைப்பது, வீட்டு மின்சுற்றை வரைவது போன்ற கைவேலை. ஆண்டுக்கு மூன்று முறை பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவது. முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் விண்ணப்பம் முதல் சேர்க்கை வரை உடன் போவது. பள்ளிக்கு ஓர் ஆசிரியை வீதம் மாதம் 12,000 ரூபாய், பத்து மாதத்துக்கு 2.4 லட்சம், கருவிகளுக்கு 50,000, சிற்றுண்டி, கூட்டங்கள், சேர்க்கைப் பயணங்களுக்கு 70,000. மொத்தம் 3.6 லட்சம், ஏறத்தாழ 120 பிள்ளைகள், தலைக்கு 3,000 ரூபாய். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பை முடிக்கும் 60 பேரில் கூடுதலாகப் பத்துப் பேர் கணிதப் பிரிவுக்கோ டிப்ளமோவுக்கோ போய், அவர்களில் பாதிப் பேரே பொறியாளரானாலும், அந்த ஐந்து பேரும் இந்த முயற்சி இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாதவர்கள். உதவித்தொகைக் கணக்கின் மூவரோடு இந்த ஐவரை இப்படித்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் வாதம்.

டிப்ளமோவைத் தனியே குறிப்பிட வேண்டும், ஏனெனில் ஆலோசனை சொல்பவர்கள் அதை இரண்டாந்தரமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று ஆண்டு பாலிடெக்னிக், விரும்பினால் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டு. பதினெட்டு வயதில் கையில் ஒரு தொழில் தகுதி இருப்பது, நீண்ட காத்திருப்புக்கு வசதியில்லாத குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். மகளை இருபாலர் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குச் சென்னை தரமணியிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் பெண்களுக்கான பாலிடெக்னிக்குகள் உள்ளன. புனேயில் 1991இல் தொடங்கிய கம்மின்ஸ் கல்லூரியைப் போலப் பெண்களுக்கே உரிய பொறியியல் கல்லூரிகளும் நாட்டில் உண்டு. தயக்கத்தைக் கடக்க அவை உதவுகின்றன என்றால் அதில் குறை காண மாட்டேன்.

பதினைந்து வயது வழிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பலன் தெரிய ஆறேழு ஆண்டுகள் ஆகும். எங்கள் ஐந்தாண்டு நிதி முடியும்போது ஒரு பெண்கூடப் பட்டம் வாங்கியிருக்க மாட்டாள். நல்ல ஆசிரியை அமையாவிட்டால் அத்தனையும் வீண். கணிதத்தில் நாட்டமில்லாத பிள்ளையை ஆர்வக்கோளாறில் நாங்களே தள்ளிவிட்டுவிடும் அபாயமும் இருக்கிறது; அதற்காகவே பெற்றோர் கூட்டத்தில் பிள்ளை தனியாகப் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆண்டும் ஆள் நழுவும் இடமே. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்களில் 1995இல் 7 விழுக்காடாக இருந்த பெண்கள் 2000இல் 42 விழுக்காடாயினர். முன்பே புரோகிராமிங் அறிந்திருப்பதைச் சேர்க்கைக்கு அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டார்கள்; அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று தொடக்க வகுப்புகளைப் பிரித்தார்கள்; பாடத்தரம் குறையவில்லை. நம் ஊரில் இதற்கு இணையானது தமிழ்வழியில் படித்து வரும் மாணவியின் முதல் செமஸ்டர்: ஆங்கில விரிவுரை, சி மொழி, பொறியியல் வரைபடம் மூன்றும் ஒரே நேரத்தில் மேலே விழும். பாடத்திட்டத்தை மாற்ற எங்களால் முடியாது. ஆனால் கல்லூரி திறப்பதற்கு முன் மூன்று வாரப் பயிற்சி ஒன்றை எங்கள் ஆட்களே நடத்தலாம். செலவு 60,000 ரூபாய்க்குள் அடங்கும்.

இருபத்திரண்டு வயதில் நிலைமை வேறு. ஆலைகளில் பெண்கள் இரவுப் பணி செய்வதற்கு இருந்த சட்டத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு, பாதுகாப்பு, போக்குவரத்து நிபந்தனைகளோடு நீக்கியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரப் பேறுகால விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. சட்டங்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு முதலாளிகளுக்கும் அரசுக்கும் உரியது. ஆறு லட்சத்தால் அது ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இயந்திரப் பொறியியல் படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆலையில் வேலையும் பெற்று, சேராமல் விட்டாள். விடுதி முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுச் செலவு என்று 18,000 ரூபாய் தேவைப்பட்டது; வீட்டில் அது இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தூரம் அதிகம் என்று காரணம் சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு இவ்வளவு சிறிய தொகையில் நின்றுபோனதை என்னால் மறக்க முடியவில்லை. அரசின் தோழி விடுதிகள் போன்றவை தங்க இடம் தருகின்றன. சேர்வதற்கு முன்பணம் வேண்டுமே. இதை நன்கொடையாக அல்லாமல், வட்டியில்லாக் கைமாற்றாகத் தந்து ஆறு மாதச் சம்பளத்தில் திரும்பப் பெற்றால், 1.2 லட்சம் ரூபாய் சுழன்றுகொண்டே ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் உதவும்.

ஆகவே குழுவின் முன் நான் வைத்திருக்கும் பங்கீடு: பதினைந்து வயது முயற்சிக்கு 3.6 லட்சம், முதல் வேலைக்கான சுழல்நிதிக்கு 1.2 லட்சம், கல்லூரி முன்பயிற்சிக்கு 60,000, சேர்க்கைக் கால அவசர நிதிக்கு 60,000. பள்ளிப் பேச்சுக்குத் தனிப் பணம் இல்லை; உதவிப் பொறியாளர் அக்காவின் வருகை சனிக்கிழமை வகுப்போடு சேர்ந்துவிடும். இருவர் இன்னும் முழு உதவித்தொகையையே விரும்புகிறார்கள். பெயர் சொல்லிக் காட்டக்கூடிய மூன்று பிள்ளைகள் ஆண்டுதோறும் இருந்தால்தான் நன்கொடை தொடரும் என்கிறார்கள். அந்த அச்சம் உண்மையானது என்பதால் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரு பள்ளிகளிலும் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பெண்கள் கணிதப் பிரிவிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்தார்கள் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்வோம். எங்கள் திட்டம் இல்லாத ஒரு பக்கத்துப் பள்ளியின் எண்ணிக்கையையும் உடன் எடுப்போம். இரண்டாம் ஆண்டு ஜூன் மாதச் சேர்க்கையில் இவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாவிட்டால், அந்த 3.6 லட்சத்தை மறுபடி பங்கிட்டு, பிளஸ் ஒன் மாணவிகளின் பயணத்துக்கும் விடுதிக்கும் திருப்புவோம். அதுவரை, ஐந்து மணிப் பேருந்துக்கு முன் முடியும் வகுப்புக்கு இரு பள்ளிகளிலும் ஓர் அறை கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.